செம்பருத்தியில் வெள்ளை மாவா? விஷ மருந்து வேண்டாம்!

விழுப்புரம்:
விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் செம்பருத்தி இல்லாத வாசல் குறைவு. வெயில் ஏறினால் அதன் கொழுந்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக அப்பிக்கொள்ளும். பூஞ்சாணம் என்று விட்டுடாதீங்க. அது மாவுப்பூச்சி. செடியை உலுக்கினால் பறந்தால் மட்டும் வெள்ளை ஈ.

மாவுப்பூச்சி சாறு உறிஞ்சும். கொழுந்து சுருளும், மொட்டு உதிரும். அது கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு காவல் நிற்கும்.

பப்பாளி மாவுப்பூச்சி 2008ல் கோவையில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எதையும் விடவில்லை. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்து அசிரோபேகஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியின் உடம்புக்குள்ளேயே அது முட்டையிடும். புழு உள்ளிருந்து தின்னும். அப்புறம்தான் அடங்கியது.

விஷ மருந்து அடித்தால் மெழுகு மாவுக்குள் பூச்சி தப்பிக்கும், குளவி சாகும்.

என்ன செய்யலாம்? அதிகம் அப்பிய கிளையை வெட்டி எரிச்சிடுங்க, தெருவில் போடாதீங்க. மீதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்க. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிங்க. ஒரு வாரம் கழித்து மறுபடி அடிக்கணும். எறும்புப் புற்றையும் கலைச்சிடுங்க.

அப்பவும் போகலையா? ஒரு கொழுந்தைப் பையில் கட்டி, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.