கடலில்லாத் தீவில் ஒரு நடை!

நண்பர் ஒருவர் பாலித் தீவுக்குப் போய் வந்தார். நாலு பகல், மூணு ராத்திரி. பன்னிரண்டு மாதத் தவணை. "அங்கே என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"கைடு வச்சு கிராமத்துக்குள்ள நடந்தோம் சார். வயல் வரப்பு... திண்ணையில ஒரு பாட்டி... கோழி மேயுது... அடடா!"

அந்தப் பாட்டி மீதும் கோழி மீதும் எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. ஆனால் பாட்டி, கோழி, வரப்பு மூன்றையும் ஐம்பது ரூபாய் பஸ் டிக்கெட்டுக்குள் முடித்துக்கொள்ள ஒரு ஊர் இருக்கிறது. தவணையும் கிடையாது. அய்யலூர்!

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற ரோட்டில், வடமதுரை தாண்டியதும் வருகிற பேரூராட்சி. திண்டுக்கல்லிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில். ரயில் நிலையம்கூட உண்டு. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் இந்த ஊரைப் பார்த்தது கார் கண்ணாடி வழியாக. அதுவும் தூங்கிக்கொண்டே. வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் விவரமானவர்கள். ரோட்டோரம் வண்டிகருப்பணசாமி கோயிலில் நிறுத்தி, ஒரு கும்பிடு போட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் கிளம்புவார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம் 'ஏன் வண்டி நின்னுச்சு?' என்று ஒரு கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வோம்.

இறங்கி நடந்தால்தான் தெரிகிறது, எதையெல்லாம் தூக்கத்தில் தாண்டியிருக்கிறோம் என்று.

வியாழக்கிழமை காமர்ஸ்

நடைக்குத் தோதான நாள் வியாழன். அன்றைக்குத்தான் ஆட்டுச் சந்தை. விடிவதற்கு முன்னாலேயே களை கட்டிவிடும். வெள்ளாடு, செம்மறி, நாட்டுக்கோழி, நடுவில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சண்டைச் சேவல் என்று ஒரே ரகளை. பொங்கல், பக்ரீத், தீபாவளிக்கு முந்தின வாரங்களில் ஆட்டைத் தேடுவதைவிட, நடக்க இடம் தேடுவது கஷ்டம்.

நான் பி.காம். மூன்று வருடம் படித்தும் மண்டையில் ஏறாத சில விஷயங்கள் இங்கே அரை மணி நேரத்தில் ஏறின. ஒரு பெரியவர் கிடாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். 'ரெண்டு பல்' என்றால் வயது ஒன்றைத் தாண்டியாச்சு என்று அர்த்தம். வயிற்றடியில் கை கொடுத்து லேசாகத் தூக்குகிறார். கீழே விட்டுவிட்டு கிலோ சொல்கிறார். தராசு, பில், ஜி.எஸ்.டி. எதுவும் கிடையாது.

ஓரமாக ஒரு அக்கா, ஒற்றை வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுதானாக்கா?"

"வீட்டுல இன்னும் மூணு நிக்கிதுப்பா. இது மகளோட காலேஜுக்கு. அடுத்தது வீட்டு ஓடு மாத்த. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கு."

"விலை படியலைன்னா?"

"திருப்பி ஓட்டிட்டுப் போயிருவேன். ஆனா பீஸு கட்டுற தேதி திரும்பிப் போகாதுல்ல?"

இதுதான் சார் சந்தையின் பாலன்ஸ் ஷீட்! ஆடு ஃபிக்சட் டெபாசிட். குட்டி போடுவது வட்டி. கோழி சேமிப்புக் கணக்கு, அவசரத்துக்கு எடுக்கலாம். தக்காளிதான் ஷேர் மார்க்கெட். இந்தப் பக்கம் தக்காளி நிறைய. ஒரு மாதம் கிலோவுக்கு ஏறுகிற விலை, அடுத்த மாதம் பறிக்கிற கூலிக்கும் கட்டாது. அந்த அக்கா ஒன்பதாயிரம் சொன்னார். வியாபாரி ஏழில் ஆரம்பித்தார். எட்டேகாலில் முடிந்தது. பணத்தை இரண்டு தடவை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது ஆட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பாங்கியில் டெபாசிட்டை உடைக்கிற யாரும் அப்படித் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

செம்மண் பாதை

சந்தையை விட்டு, மெயின் ரோட்டுக்கு முதுகைக் காட்டி மலைப் பக்கம் நடந்தால், பத்து நிமிஷத்தில் ஹாரன் சத்தம் அடங்கிவிடுகிறது. செம்மண், மானாவாரிக் காடு, கிணற்று மேட்டில் வேம்பு, தக்காளிக் கொடிக்கு ஊன்றிய குச்சிகள். மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகம் போதும். அதற்கு மேல் வேகமாக நடந்தால் அது வாக்கிங். டாக்டர் சொல்லிச் செய்வது.

மெதுவாக நடப்பதில் ஒரு லாபம், ஊர்க்காரர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "வண்டி என்னாச்சு தம்பி, பஞ்சரா?" சும்மாதான் நடக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். இடம் வாங்க வந்த புரோக்கர் என்று ஒருவர், லோன் வசூலுக்கு வந்தவன் என்று இன்னொருவர். இரண்டாமவர் வீட்டில் மட்டும் மோர் கிடைக்கவில்லை.

இந்த மலைகளுக்கு அந்தப் பக்கம் கரூர் மாவட்டத்துக் கடவூர். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பரவிக் கிடக்கிற காட்டில்தான் நம் கதாநாயகர் குடியிருக்கிறார்.

"போடா தேவாங்கு!"

கொஞ்சம் ஒல்லியாக, கொஞ்சம் பெரிய கண்ணோடு பிறந்த எந்தத் தமிழனும் இந்தத் திட்டுக்குத் தப்பியிருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுவே பெயர். அசல் தேவாங்கைப் பார்த்துவிட்டுத் திட்டியவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி.

அசல் ஆசாமி ஒரு சாண் சொச்சம் நீளம். எடை கால் கிலோ சுமாருக்கு. வெளியே தெரிகிற மாதிரி வால் கிடையாது. பகல் முழுக்க முள் மரத்தில் பந்தாகச் சுருண்டு தூக்கம், ராத்திரி ஷிப்டு. பூச்சி, வண்டு, எறும்பு என்று சாப்பாடு. விவசாயிக்குச் சம்பளம் கேட்காத வேலைக்காரன்! தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிற இனம் இது.

2022 அக்டோபரில் தமிழக அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நம் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகா காடுகளும் அதில் சேர்த்தி. தேவாங்குக்கென்று இந்தியாவிலேயே முதல் சரணாலயம்.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது சட்டப்படி குற்றம். போகவும் வேண்டாம். சாயங்காலம் ஒரு பெரியவரின் தோட்டத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும், வேலியோரத்து மரத்தைக் காட்டினார். கிளைக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பொட்டு. அணையவில்லை, அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை மெதுவாக நீண்டு அடுத்த கிளையைப் பிடித்தது. ரிட்டயர் ஆகப்போகிற கிளார்க் ஃபைலை எடுக்கிற வேகம்.

நான் செல்போன் டார்ச்சைத் தேட, பெரியவர் கையைப் பிடித்தார்.

"வேணாந் தம்பி. அம்புட்டுப் பெரிய கண்ணு. வெளிச்சம் அடிச்சா அதுக்குத் தாங்காது."

"முன்னாடி இதப் பார்த்தாலே ஆகாதும்பாங்களே, ஐயா?"

"எங்க அப்பன் காலத்துல கல்லெடுத்து அடிப்பாக. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும்னு புடிச்சுட்டுப் போவாக. அது யாரு குடியக் கெடுத்துச்சு? பாவம், பூச்சி தின்னு பொழைக்குது."

பிறகு அவர் சொன்னதுதான் மனசில் நின்றுவிட்டது. "இதுக்குத் தரையில நடக்க வராது தம்பி. கிளைக்குக் கிளை தொட்டாத்தான் போகும். இப்ப எல்லாரும் வேலி மரத்த வெட்டிப்புட்டு கம்பி போடுறாக. கம்பில எப்படிப் போகும்?"

தேவாங்குக்கு மரம்தான் நிலம். இரண்டு மரத்துக்கு நடுவே வெட்டவெளி வந்தால் அது கடல். வேறு வழியில்லாமல் இறங்கி ரோட்டைக் கடந்தால், நாம் தூங்கிக்கொண்டு போகிற அந்தக் காருக்கு அடியில் முடியும். ஆக, ஒவ்வொரு வேலியை வெட்டும்போதும் அய்யலூர்ப் பக்கம் ஒரு புதுத் தீவு உண்டாகிறது. உள்ளே மாட்டிக்கொள்வது டூரிஸ்ட் இல்லை. திரும்பி வர டிக்கெட்டும் இல்லை.

பெரியவர் கிளுவை வேலியை இன்னும் வெட்டவில்லை. "பக்கத்துத் தோட்டத்துக்காரன் கேலி பண்றான். பண்ணட்டும்" என்றார்.

கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி, தை மாதம் உத்தமம். சித்திரையில் போனால் நீங்களே வடகமாகி விடுவீர்கள். கட்டைச் செருப்பு வேண்டாம். கருவேல முள் அடியில் புகுந்து மேலே எட்டிப் பார்க்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள், காலி பாட்டிலைத் திருப்பி எடுத்து வாருங்கள். அடுத்தவர் தோட்டத்துக்குள் கேட்காமல் கால் வைக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் கட்டிலே போடுவார்கள். யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், முக்கியமாக ஆடு விற்ற கையோடு நிற்பவர்களை.

தேவாங்கைப் பார்த்தே தீர வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். பிடிப்பதும் வளர்ப்பதும் சிறைக்கு வழி. வேலி மரத்தை வெட்டாத ஒரு விவசாயியைச் சந்தித்தால் மட்டும் நின்று, "நல்ல காரியம் பண்றீங்க ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேலி பண்ணுகிற குரல் ஒன்று இருக்கும்போது, எதிர்க் குரல் ஒன்றாவது வேண்டாமா?

இன்னொன்று. இனிமேல் யாராவது உங்களை "போடா தேவாங்கு" என்றால் கோபப்படாதீர்கள். 'அரசாங்கமே எனக்கு 11,806 ஹெக்டேர் எழுதி வைத்திருக்கிறது. உனக்கு எத்தனை சென்ட்?' என்று கேளுங்கள்!