பேரேட்டில் நிற்பதெல்லாம் பணம் ஆகாது



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்து வியாபாரிகள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பெருகி ஏரல் கடைவீதி மூழ்கியது. தண்ணீர் வடிந்தபின் நாங்கள் போனது வசூலுக்கு அல்ல, பார்த்து வரத்தான். நெடுநாளாக எங்களிடம் மளிகைச் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரர், ஊறிப்போன பருப்பு மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, உங்க பாக்கி..." என்று ஆரம்பித்தார். "அது அப்புறம் பார்த்துக்கிடலாம் தம்பி" என்று சொல்லித் திரும்பினோம்.

அந்த 'அப்புறம்' மார்ச் 31-இல் வந்தது. அவர் பேரில் நின்ற பற்று முழுவதையும் வரவேண்டிய பணமாகவே வைத்து ஐந்தொகை போட்டோம். கைக்கு வராத லாபத்துக்கு வருமான வரியும் கட்டினோம். தவறு எங்களுடையதே.

நம் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அந்நாளில் சிப்பியைத் திறக்காமலே ஏலம் எடுப்பார்கள். எடுத்தவர் யாரும் சிப்பியை எண்ணி முத்துக் கணக்கு எழுதியதில்லை. கடன் பாக்கியும் திறக்காத சிப்பிதான்.

பாக்கிக்கு வயது பாருங்கள்

இப்போது மார்ச் மாதந்தோறும் பாக்கிகளை வயதுவாரியாகப் பிரிக்கிறோம். உதாரணமாக மொத்த பாக்கி 10 லட்சம் என்று கொள்வோம். 90 நாளுக்குட்பட்டது 6 லட்சம். அதில் 1 சதவீதம், 6,000 ரூபாய். ஓராண்டுக்குள் இரண்டரை லட்சம். 10 சதவீதம், 25,000. இரண்டாண்டுக்குள் 1 லட்சம்; பாதி, 50,000. அதற்கும் மேல் நிற்பது 50,000, முழுவதும். ஆக 1,31,000 ரூபாயை ஐயக்கடன் ஒதுக்கீடாக வைக்கிறோம். இந்த விகிதம் எங்கள் அனுபவம். உங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். 2008 நெருக்கடியில் வங்கிகள் நட்டத்தைக் காலந்தாழ்த்திக் காட்டிய பிறகு, பெரிய கம்பெனிகளும் வரக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும் என்று விதி வந்தது.

ஒதுக்கீடு வேறு, எழுதித் தள்ளுவது வேறு

ஒதுக்கீட்டுக்கு வியாபாரிக்கு வரிக்கழிவு இல்லை. வாராக்கடன் என்று கணக்கில் எழுதித் தள்ளினால்தான் கழிவு. அந்தத் தொகை முன்பே விற்பனை வருமானமாகக் காட்டப்பட்டிருக்கவும் வேண்டும். 1989 ஏப்ரலுக்குப் பிறகு, கடன் உண்மையில் வராது என்று நிரூபிக்கத் தேவையில்லை, கணக்கில் தள்ளினால் போதும் என்று 2010-இல் டி.ஆர்.எப். வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு. ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நலம்.

கட்டிய ஜி.எஸ்.டி. மட்டும், பாக்கி வரவில்லை என்பதற்காகத் திரும்பி வராது. கடன் கொடுக்கும்போதே இதை நினைவில் வைக்கவேண்டும்.

எழுதித் தள்ளினால் கடனை மன்னித்ததாகிவிடாது. வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் சரக்குக் கடனுக்குக் காலவரையறைச் சட்டப்படி மூன்றாண்டுதான் கெடு. அது முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்றாண்டு. வருடத்துக்கு ஒருமுறை பாக்கிப் பட்டியல் அனுப்பிக் கையெழுத்து வாங்குவதில் யாருக்கும் மனவருத்தம் வராது.

ஏரல் கடைக்காரரிடமும் அப்படியே வாங்கினோம். அடுத்த ஆண்டு பாதியை எழுதித் தள்ளினோம். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு, பழைய பாக்கி மாதத் தவணைக்கு என்று பேசிக்கொண்டோம். கடை மறுபடி ஓடுகிறது. மீதிப் பாதி முழுவதும் வந்துவிட்டது. தள்ளிய பாதியிலும் கொஞ்சம் வந்தது. வந்த வருடத்து வருமானமாகக் காட்டிவிட்டோம்.

வாடிக்கையாளரிடம் இரக்கம் இருக்கட்டும்; கணக்கில் மட்டும் இரக்கம் வேண்டாம். இந்த மார்ச் வருமுன் பேரேட்டைத் திறந்து, பழைய பாக்கி ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.