எண்ணெய் ஒருநாள் தீர்ந்துபோகுமா?

தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் எத்தனை ஆயிரம் அடி போர் போட்டாலும் கச்சா எண்ணெய் வராது. அடியில் இருப்பது சுமார் 250 கோடி ஆண்டு பழைய கருங்கல். எண்ணெய் உருவாகக் கடலடிச் சேறும் அதில் புதைந்த நுண்ணுயிர்களும் வேண்டும். காவிரிப் படுகையில், நரிமணத்தில், அது அமைந்தது.

அங்கேயும் கடைசிச் சொட்டுவரை எடுக்க முடியாது. பாறையின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும் எண்ணெயை நிலத்தடி அழுத்தம்தான் தள்ளிவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீரைச் செலுத்துவார்கள். அப்படியும் பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும்.

அமெரிக்க உற்பத்தி 1965-70 வாக்கில் உச்சம் தொடும் என்று 1956-இல் புவியியலாளர் ஹப்பர்ட் கணித்தார், 1970-இல் தொட்டது. ஆனால் களிப்பாறையைப் பிளந்தெடுக்கும் நுட்பம் வந்தபின், 2018-இல் உற்பத்தி அந்த உச்சத்தையும் தாண்டியது. ஆகவே எண்ணெய் முழுதாகத் தீராது. எடுக்கும் செலவு விலைக்குக் கட்டாதபோது கிணற்றை மூடிவிடுவார்கள். எனக்குக் கவலை, அதுவரை நாம் எரிக்கப்போகும் அளவைப் பற்றித்தான்.