கட்டின பணம் எங்கே? மொத்தம் ஏன் 0 காட்டுது?

மகளிர் குழுவின் மாதச் சேமிப்பை மொபைலில், எக்செல்லில் பதிவு செய்றீங்களா? எல்லாரும் பணம் கட்டியும் மொத்தம் 0 என்று வந்தால் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். முதலில் ஃபார்முலாவைப் பாருங்க.

பி2 முதல் பி11 வரை 10 பேரின் தொகை இருக்கு. மொத்தம் வர வேண்டிய கட்டம் பி12. அங்கே பி2 முதல் பி12 வரை கூட்டச் சொன்னால், அந்தக் கட்டம் தன்னையும் சேர்த்தே கூட்டப் பார்க்கும். கூட்டினால்தான் விடை வரும். விடை வந்தால்தான் கூட்ட முடியும். இந்தச் சுழற்சிதான் 'சர்குலர் ரெஃபரன்ஸ்'. கூகுள் ஷீட்ஸில் இதற்கு '#ரெஃப்!' என்று பிழை காட்டும்.

தீர்வு எளிது. ஃபார்முலாவில் பி12 என்பதை பி11 என மாற்றினால் போதும். புது உறுப்பினர் சேரும்போதும் இதைச் சரிபாருங்க. எச்சரிக்கை வந்தால் 'ஓகே' தட்டிட்டுக் கடந்து போகாதீங்க. கூட்டத்தில் கணக்கு வாசிக்கும் முன்பே திருத்திடுங்க.