திகில் கதை: உங்களுக்கு எவ்வளவு காரம் வேண்டும்?

சைனாடவுனில் புத்தர் பல் ஆலயத்தை ஒட்டி சாகோ லேன் என்ற சிறிய தெரு இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ‘மரண வீடுகள்’ இருந்தன. நெருக்கடியான கடைவீடுகளில் வாழ்ந்த ஏழைச் சீனக் குடியேறிகள் தங்கள் கடைசி நாள்களைக் கழிக்க அங்கு வந்தார்கள். குடியிருக்கும் வீட்டில் உயிர் பிரிவது நல்லதல்ல என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். 1961ல் அந்த வீடுகள் தடை செய்யப்பட்டன.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது? “அங்கே பேய்க்கதை ஏதாவது உண்டா?” என்று கேட்கத் தோன்றியதா? அல்லது “போதும், வேறு பேசலாம்” என்றிருந்ததா? ரஸ்ஸல் லீ என்ற பெயரில் 1989ல் வெளிவரத் தொடங்கிய சிங்கப்பூர்ப் பேய்க்கதைத் தொகுப்புகள் இருபதைத் தாண்டிவிட்டன. அவற்றை ஒரே மூச்சில் படித்து முடிப்பவரும் உண்டு. அட்டையைக்கூடத் தொடாதவரும் உண்டு. ஏன் இந்த வேறுபாடு?

முதலில் உடலில் நடப்பதைப் பார்ப்போம். ஆபத்தின் அறிகுறி தென்பட்டால், மூளையின் உள்ளே பாதாம் பருப்பு வடிவில் உள்ள அமிக்டலா எச்சரிக்கை எழுப்புகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. கதை படிக்கும்போதும் இதே எச்சரிக்கை எழலாம். ஆனால், மூளையின் முன்பகுதி “இது வெறும் கதைதான்” என்று நிதானப்படுத்துகிறது. பயமும் பாதுகாப்பும் சேர்ந்து இருக்கும்போதுதான் திகில் இன்பமாகிறது.

சம்பாலை எண்ணிப் பாருங்கள். மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. நாக்கு உண்மையில் வேகவில்லை. வேகிறது என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போகிறது. ஆபத்தில்லை என்று தெரிந்திருப்பதால் அந்த எரிச்சலையே ரசிக்கப் பழகுகிறோம் என்கிறார் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின். ஆனால், எல்லாருக்கும் ஒரே அளவு காரம் பிடிப்பதில்லை அல்லவா?

திகிலும் அப்படித்தான். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘பேய் வீடு’ ஒன்றுக்குச் சென்ற 110 பேரின் இதயத் துடிப்பை அளந்தார்கள். ஆய்வு முடிவு 2020ல் வெளியானது. பயம் மிகக் குறைந்தபோது சலிப்பு. மிக அதிகமானபோது ரசிக்க முடியவில்லை. நடுவில் இருந்தபோதுதான் மகிழ்ச்சி உச்சத்தைத் தொட்டது. அந்த ‘நடு’ ஆளுக்கு ஆள் மாறும். புதிய, தீவிரமான அனுபவங்களைத் தேடும் இயல்பு மனிதர்களிடையே வேறுபடுகிறது. அதை அளப்பதற்கான வினாத்தாளை மார்வின் சக்கர்மேன் 1964லேயே உருவாக்கினார். வயதும் பழக்கமும் சொந்த அனுபவமும் சேர்ந்துகொள்கின்றன. அண்மையில் தாத்தாவை இழந்த மாணவருக்கு சாகோ லேன் வெறும் திகில் கதையாகத் தோன்றாது.

வன்முறைக் கதைகளில் இன்னொன்றும் உண்டு: நம் மனம் யார் பக்கம் நிற்கிறது என்பது. சைனாடவுனின் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் நடக்கும் தீமிதித் திருவிழா திரௌபதியைப் போற்றுவது. அவரை அவமானப்படுத்திய துச்சாதனனைப் பீமன் கொல்லும் கட்டம் கொடூரமானது. அதில் நீதி கிடைத்ததாக ஒருவர் நிம்மதி அடைவார். சிந்தும் ரத்தத்தையும் வலியையும் எண்ணி இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருவரும் கேட்டது ஒரே கதைதான். இருவரின் கவனமும் வெவ்வேறு இடத்தில் இருந்தது.

ஆகவே, பேய்க்கதை படிக்காத தோழியை “பயந்தாங்கொள்ளி” என்று கேலி செய்யாதீர்கள். அவரது எச்சரிக்கை மணி சற்று உரக்க ஒலிக்கிறது, அவ்வளவுதான். ரத்தம் தெறிக்கும் கதையை விரும்பும் நண்பர் கொடூரமானவர் என்றும் முடிவுகட்டாதீர்கள். கதையில் ரசிப்பதும் வாழ்க்கையில் விரும்புவதும் ஒன்றல்ல.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். புத்தகத்தை மூடிய பிறகு படபடப்பு அடங்கி, சிரிப்பு வந்தால் அளவு சரி. தூக்கம் கெட்டாலோ, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப மனத்தில் வந்தாலோ, காரம் கூடிவிட்டது என்று பொருள். பாதியில் மூடிவைப்பதில் வெட்கமில்லை. பிறகு பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, திறந்து பார்க்கலாம். திறக்காமலே விட்டுவிட்டாலும் தவறில்லை.