கவணும் கணனியும்

நம் வீடுகளில் இன்று மூளும் பூசல்களுள் பல, பிள்ளைகளின் கணனி விளையாட்டைப் பற்றியவையே. சென்ற மாதம் அத்தகைய வழக்கொன்று என்னிடமே தீர்ப்புக்கு வந்தது. மலைநாட்டுப் புகையிரதம் ஏற்றத்தைத் தொடங்கும் இந்த ரம்புக்கனையில், எங்கள் அயலில் வசிக்கும் தாயொருவர், உயர்தர வகுப்பில் பயிலும் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார்.

"எந்நேரமும் குருவியைக் கவணில் வைத்து எறிவதுதான் வேலை, சேர். பௌதிகவியலுக்கு 31 புள்ளி. நீங்களே இவனுக்குச் சொல்லுங்கள்."

வினாத்தாளைப் பார்த்தேன். அவன் ஒரு வரியும் எழுதாமல் விட்டிருந்த வினா எறியங்களைப் பற்றியது! சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விளையாடிக் காட்டு, தம்பி" என்றேன்.

இணைய உலாவியில் விளையாட்டைத் திறந்தான். இடப்புறம் கவண், வலப்புறம் மரத்தாலும் கல்லாலும் அடுக்கிய கோட்டை, அதற்குள் பதுங்கிய பகை. கைவசமுள்ள எறிபொருள்களோ மூன்று நான்குதான். ஃபின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009 டிசெம்பரில் வெளியிட்ட 'அங்கிரி பேர்ட்ஸ்' இவ்வகையை உலகறியச் செய்தது. 2011இல் அது உலாவிக்கும் வந்தது. தினைப்புனத்துப் பரண்மீது நின்று வள்ளியம்மை கவண்கல்லால் பறவைகளை ஓட்டினாள் என்பது நம்மவர் கதை. இங்கோ பறவையே கவண்கல்!

கவணை விட்டு நீங்கிய பறவை செல்லும் பாதை பரவளைவு. 45 பாகையில் எறிந்தால் மிகத் தொலைவு செல்லும் என்பதை இத்தாலியரான தார்த்தாலியா 1537இலேயே எழுதினார். பாதை பரவளைவு என்பதை நிறுவி, கலிலியோ 1638இல் நூலாக வெளியிட்டார். கணனி செய்வது எளிய காரியம். ஒரு செக்கனை ஏறக்குறைய 60 கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் கீழ்நோக்கிய வேகத்தைச் சற்றே கூட்டிப் பறவையை நகர்த்துகிறது. வளைவு தானே பிறக்கிறது. அமெரிக்கப் பௌதிகவியல் ஆசிரியர் றெற் அலெய்ன் 2010இல் இவ்விளையாட்டின் படங்களை அளந்து பார்த்தார். விழும் ஆர்முடுகல் நம் பூமியினுடையதே என்று கொண்டால், அந்தச் சிவப்புக் குருவியின் உயரம் ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர் என்று கண்டார். குருவியா அது!

பையன் முதல் எறியைச் சுவரில் மோதவிட்டான். அடுத்ததைச் செங்குத்தாக உயர்த்தி எறிந்து சுவருக்குப் பின்னால் வீழ்த்தினான்.

"ஏன் உயர்த்தினாய்?"

"தாழ்வாக எறிந்தால் சுவர் தடுக்கும், சேர். இரண்டும் ஒரே இடத்தில்தான் விழும்."

வினாத்தாள் கேட்டதும் இதைத்தானே! செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் எறிவோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று கொள்வோம். 30 பாகையிலும் 60 பாகையிலும் கல் விழுவது ஏறத்தாழ 34.6 மீற்றர் தொலைவிலேயே. ஆனால் முன்னது 5 மீற்றர் உயர்ந்து 2 செக்கனில் விழும். பின்னது 15 மீற்றர் உயர்ந்து 3.5 செக்கன் வரை எடுக்கும். இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் பையன் வினாத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஆயினும் விளையாட்டு முழு உண்மையைச் சொல்வதில்லை. அதில் வளித்தடை இல்லை. மெய்யான காற்றில் அவ்விரு கற்களும் ஒரே இடத்தில் விழா. உயர எறிந்தது சற்று முன்னரே விழுந்துவிடும். இன்னொரு குறை, பிழைத்தால் உடனே மறுபடி எறியலாம் என்பது. கணக்கிடாமலே பத்தாம் முறை வெற்றி கிட்டிவிடுகிறது. ஆகவே ஒரு நிபந்தனை விதித்தேன்: ஒவ்வோர் எறிக்கும் முன் பாதையைத் தாளில் வரைந்து, விழும் இடத்தைக் குறிக்க வேண்டும். அன்று மாலை அவன் வென்ற கோட்டைகள் வெகுவாகக் குறைந்தன. முகம் வாடிற்று.

"அப்படியானால் இவன் விளையாடலாமா, சேர்?" என்றார் தாயார்.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று பேசி முடித்தோம். கடிகாரம் தாயாரிடம் இருக்கிறது. வரைந்த தாள்கள் சனிக்கிழமைதோறும் என்னிடம் வருகின்றன.