ஒரே கோட்டை... இரண்டு தேதி!

சென்னையில் உள்ள புனித ஜார்ஜ் கோட்டையை பிரெஞ்சுக்காரர்கள் என்றைக்குப் பிடித்தார்கள் தெரியுமா? 1746 செப்டம்பர் 10 என்று ஒரு புத்தகம் சொல்லும். செப்டம்பர் 21 என்று இன்னொரு புத்தகம் சொல்லும். எது சரி?

இரண்டுமே சரிதான்! அப்போது ஆங்கிலேயரிடம் இருந்தது பழைய காலண்டர். பிரெஞ்சுக்காரர்களோ 1582லேயே புதிய காலண்டருக்கு மாறிவிட்டார்கள். இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஆங்கிலேயர் 1752ல்தான் மாறினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14!

சரி, புதுச்சேரிக்கு வடக்கே ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பத்தில் ஐந்து நண்பர்கள் சேர்ந்து, 1748ல் நடந்த புதுச்சேரி முற்றுகை பற்றிப் பள்ளிக் கண்காட்சிக்கு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்க்கிறார். இன்னொருவர் பிரெஞ்சுக் குறிப்பின் மொழிபெயர்ப்பைப் பார்க்கிறார். இருவரும் எழுதியதை அப்படியே ஒட்டினால் என்ன ஆகும்? படை தாக்குவதற்கு முன்பே தோற்றுவிடும்!

பலர் சேர்ந்து போர் வரலாறு எழுதும்போது கவனிக்க வேண்டியவை இதோ:

தேதி: எந்தக் காலண்டர் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

ஊர்: 1748ல் பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலப்படை கடலூர் பக்கமிருந்து வந்தது. வழியில் அரியாங்குப்பத்தில் இருந்த பிரெஞ்சுக் கோட்டையைப் பிடிக்கவே பல நாட்கள் ஆயின. அங்கே மேஜர் லாரன்ஸ் சிறைபிடிக்கப்பட்டார். 'ஏதோ ஒரு குப்பம்' என்று நினைத்து யாராவது கோட்டக்குப்பம் என்று எழுதிவிட்டால்? தெற்கே நின்ற படை வடக்கே போய்விடும்! வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்: 'வாண்டிவாஷ் போர்', 'வந்தவாசிப் போர்' என்றதும் இரண்டு போர்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டும் 1760 ஜனவரி 22ல் நடந்த ஒரே போர்தான். ஒரு பெயரையே எல்லோரும் எழுத வேண்டும்.

யார்?: 'அவர்கள் பின்வாங்கினார்கள்' என்று எழுதினால் படிப்பவருக்குக் குழப்பம். 'மழையும் நோயும் வாட்டியதால் 1748 அக்டோபரில் ஆங்கிலேயர் பின்வாங்கினர்' என்று எழுதினால் தெளிவு. 'நம் படை' என்றும் எழுதாதீர்கள். இரண்டு பக்கமும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்களே!

யார் சொன்னது?: அன்று புதுச்சேரியில் ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கண்ணால் பார்த்ததையும் எழுதினார். பிறர் சொல்லிக் கேட்டதையும் எழுதினார். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், 'ஆங்கிலேயர் கணக்கு இது, பிரெஞ்சுக்காரர் கணக்கு இது' என்று இரண்டையும் கொடுங்கள்.

2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் இப்படித்தான் முகம் தெரியாத பலர் சேர்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். அங்கேயும் 'இதற்கு ஆதாரம் என்ன?' என்ற கேள்விதான் முக்கியம்.

போரில் மாண்டவர்கள் எழுந்து வந்து, 'இது தப்பு' என்று சொல்ல முடியாது. அவர்களுக்காக நாம்தான் சரிபார்க்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். உங்கள் ஊர் வரலாற்றை எழுதத் தயாரா, குட்டீஸ்?